பாய்க்கயிறு எத்தனை மி.மீ.? எட்டு மீட்டர் படகுக்குக் கயிறெல்லாம் மாற்றிய அனுபவம்

பாய்மரப் படகுக்குக் கயிறு மாற்ற நினைப்பவர்கள் முதலில் தேடுவது அறுபடும் பளு அட்டவணையைத்தான். எத்தனை மி.மீ. கயிறு எத்தனை கிலோ தாங்கும் என்று பார்த்து, பத்திரத்துக்குக் கொஞ்சம் கூட்டி வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். எட்டு மீட்டர் படகொன்றின் கயிறுகளை மொத்தமாக மாற்றி முடித்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்திருப்பது வேறு. இந்த அளவுப் படகுகளில் கயிற்றின் தடிமனை வலிமை தீர்மானிப்பது அபூர்வம். கயிறு எதையெல்லாம் தொட்டுக்கொண்டு ஓடுகிறதோ, அவைதான் தீர்மானிக்கின்றன: கப்பிச் சக்கரத்தின் பள்ளம், கயிற்றைக் கடித்து நிறுத்தும் கிளட்சின் பல், கயிற்றைச் சுற்றி இறுக்கும் வின்ச்சின் தாடை, இழுக்கிறவரின் உள்ளங்கை. வலிமைக் கணக்கைக் கட்டாயம் போட வேண்டும். ஆனால் அதைப் போட்ட பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது.

படகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் எண்களுக்கு அது வேண்டும். ஒற்றைப் பாய்மரம், தளத்துக்கு மேல் சுமார் 10 மீட்டர் உயரம். பெரிய பாயின் முன்விளிம்பு 8.5 மீட்டர், அடிவிளிம்பு 3 மீட்டர். முன்னால் 20 சதுர மீட்டர் ஜெனோவா என்னும் முன்பாய், சுருட்டும் கருவியில். பாயை மேலே ஏற்றும் ஹாலியார்ட்கள் மரத்துக்குள்ளேயே இறங்கி, மரத்தடிக் கப்பியில் திரும்பி, தளத்தின் மேல் 3 மீட்டர் ஓடி, ஓட்டுகிறவர் உட்காரும் காக்பிட்டுக்கு முன்னால் இருக்கும் கிளட்சுகளுக்கு வருகின்றன. பாயின் பின்மூலையைப் பிடித்து இழுக்கும் ஷீட்கள் வழக்கம்போல இரு பக்கமும் வின்ச்சுக்கு. இருந்த கயிறுகள் எல்லாம் வெயிலில் வெளுத்து, உப்பேறி, வளைத்தால் வளைந்தபடியே நிற்கும் விறைப்புக்கு வந்திருந்தன. மரத்தை இறக்கித் தாங்குகட்டைகளின் மேல் கிடத்தியிருந்த சமயம், அதனால் உச்சிக் கப்பி வரைக்கும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. கயிறு மாற்ற இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது.

பழைய கயிற்றை அளப்பது

பழைய கயிறு எந்தத் தடிமனோ அதையே வாங்கிவிடலாம் என்பது பாதி நியாயம். ஆனால் பழைய கயிற்றைச் சும்மா வெர்னியரில் வைத்து அளந்தால் உண்மையான அளவு கிடைக்காது. மேலுறை நூல் தேய்ந்து பஞ்சு கிளம்பியிருக்கும், உப்பு உள்ளே தங்கிக் கயிறு பருத்திருக்கும், சில இடங்களில் மேலுறை தளர்ந்து ஓரமாகக் குவிந்திருக்கும். ஹாலியார்டை நடுவில் அளந்தபோது 11 மி.மீ. காட்டியது. மிதமான சோப்புப் போட்ட நன்னீரில் ஊறவைத்து அலசி, காய்ந்த பிறகு இரண்டு முனையையும் கட்டி விறைப்பாக இழுத்து, தேய்மானம் இல்லாத வால் பக்கத்தில் அளந்தால் சரியாக 10. எப்போதும் வால் பக்கத்தில், இழுவையில் வைத்து அளப்பதே நம்பகமானது. வெர்னியர் இல்லாதவர்கள் ஒரு காகிதப் பட்டையைக் கயிற்றைச் சுற்றி வைத்து, சுற்றளவை 3.14-ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

அங்குலத்தில் போட்ட படகுக் குறிப்புகள் கையில் இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் வழக்கத்தில் கயிற்றைச் சுற்றளவால் குறிப்பார்கள், விட்டத்தால் அல்ல. ஒரு அங்குலக் கயிறு என்று எழுதியிருந்தால் அது ஏறத்தாழ 8 மி.மீ. விட்டம். விட்டத்தை அங்குலத்தில் குறிக்கும் பட்டியல்களில் 5/16 என்பது 8 மி.மீ., 3/8 என்பது 9.5 மி.மீ., 1/2 என்பது 12.7 மி.மீ. இந்த அரை மி.மீ., முக்கால் மி.மீ. வித்தியாசம் கிளட்சில் போய்ப் பெரிதாகத் தெரியும்.

இழுவைக் கணக்கு

முன்பாய் ஷீட்டில் வரும் இழுவையை மதிப்பிட ஒரு எளிய சூத்திரம் புழக்கத்தில் இருக்கிறது. பாயின் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் காற்று வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதை 0.021-ஆல் பெருக்கினால் கிலோ வரும். எங்கள் 20 சதுர மீட்டர் ஜெனோவாவுக்கு 15 நாட் காற்றில் 95 கிலோ, 20 நாட்டில் 168 கிலோ, 25 நாட்டில் 262 கிலோ. வேகம் வர்க்கமாக வருவதால் காற்று இரட்டித்தால் இழுவை நான்கு மடங்கு. 25 நாட்டில் முழு ஜெனோவாவோடு யாரும் ஓட்டுவதில்லை, பாதியாவது சுருட்டியிருப்போம். ஆனாலும் திடீர்க் காற்று வந்து மோதும் நேரத்தை நினைத்து 262-ஐ எல்லையாக வைத்துக்கொண்டேன்.

கயிற்றுக்கு ஐந்து மடங்கு அவகாசம் கொடுப்பது நல்ல பழக்கம். அதாவது வேலைப் பளு, அறுபடும் பளுவில் ஐந்தில் ஒரு பங்குக்குள். முடிச்சு, தேய்மானம், வெயில் எல்லாவற்றுக்குமான அவகாசம் அந்த ஐந்துக்குள்ளேயே அடக்கம். முனையில் வளையம் போடும் பௌலைன் முடிச்சு போட்டாலே பாலியெஸ்டர் கயிறு தன் வலிமையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல், இழந்துவிடும். 262-ஐ ஐந்தால் பெருக்கினால் 1,310 கிலோ. 8 மி.மீ. பாலியெஸ்டர் இரட்டைப் பின்னல் கயிறு (உள்கயிறு, அதன் மேல் மேலுறை என இரண்டு பின்னல்), செய்கிறவரைப் பொறுத்து, 1.5 முதல் 2 டன் வரை தாங்கும். ஆக 8 மி.மீ. போதும். எங்கள் படகில் அதிகம் சிரமப்படும் கயிறுகளில் ஒன்றுக்கே 8 போதும் என்றால், மற்றவற்றுக்கு வலிமை ஒரு கவலையே இல்லை.

தடிமன் கூடும்போது வலிமை எவ்வளவு கூடுகிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. விட்டம் அல்ல, குறுக்குப் பரப்புதான் பளுவைத் தாங்குகிறது. 8-லிருந்து 10-க்குப் போனால் தடிமன் கால் பங்குதான் கூடுகிறது, வலிமையோ ஒன்றரை மடங்குக்கு மேல். எடையும் அதே கணக்கில்தான் கூடும். அதனால் "எதற்கும் ஒரு அளவு பெரிசா இருக்கட்டும்" என்று வாங்குவது நாம் நினைப்பதைவிடப் பெரிய தாவல்.

ஹாலியார்ட்: மரத்து உச்சி என்ன சொல்கிறது

ஹாலியார்டில் கவலை நீட்சியைப் பற்றியது. பாய் ஏறிய நிலையில் உச்சியிலிருந்து கிளட்ச் வரைக்கும் 13 மீட்டர் கயிறு இழுவையில் நிற்கிறது. 8 மி.மீ. பாலியெஸ்டர் இரட்டைப் பின்னல் 200 கிலோ இழுவையில் சுமார் 2 சதவீதம் நீளும் என்று வைத்தால் 26 செ.மீ. காற்று எழும்பும்போதெல்லாம் பாயின் முன்விளிம்பு தளர்ந்து, வயிறு பின்னால் நகர்ந்து, படகு சாய்வதே மிச்சமாகும். பாயைத் தட்டையாக வைக்க வேண்டிய நேரத்தில் அது உப்பிப்போகும். 10 மி.மீ. போட்டால் நீட்சி குறுக்குப் பரப்பின் விகிதத்தில் குறைந்து 17 செ.மீ. ஆகும். பாலியெஸ்டர் உள்கயிற்றுக்குப் பதிலாக டைனீமா (மிகக் குறைவாக நீளும், வலுவான செயற்கை இழை) உள்கயிறு உள்ள 8 மி.மீ. போட்டால் அரை சதவீதத்துக்குள் நிற்கும், அதாவது 6 அல்லது 7 செ.மீ. தடிமனைக் கூட்டி நீட்சியைக் குறைப்பதைவிடப் பொருளை மாற்றிக் குறைப்பதுதான் புத்தி.

இதற்கு மேல் முடிவைச் சொன்னது உச்சிக் கப்பி. படகு கட்டப்பட்ட காலத்தில் ஹாலியார்டின் பாய்ப்பக்கப் பாதி 4 மி.மீ. எஃகுக் கம்பிக் கயிறாக இருந்திருக்கிறது, இழுக்கும் பாதி மட்டும் நார்க்கயிறு. பிற்பாடு யாரோ கம்பியைக் கழற்றிவிட்டு முழுக்க 10 மி.மீ. பாலியெஸ்டர் போட்டிருக்கிறார்கள், ஆனால் சக்கரத்தை மாற்றவில்லை. அச்சாணியைத் தட்டி எடுத்துச் சக்கரத்தைக் கையில் வைத்துப் பார்த்தோம். மேல்பகுதி கயிற்றுக்கான அகலப் பள்ளம், அதன் அடியில் கம்பி போவதற்கென்று V வடிவத்தில் இன்னொரு குறுகிய பள்ளம். அந்த V-யின் இரு விளிம்பிலும் கம்பி அறுத்த பிசிறு. நகத்தை வைத்து ஓட்டினால் நகம் சிக்குகிறது. பழைய கயிற்றில் ஒரே இடத்தில் மேலுறை நூல் வரிசையாக வெட்டுப்பட்டிருந்ததற்குக் காரணம் அங்கே உட்கார்ந்திருந்தது. பாய் முழுக்க ஏறி நிற்கும்போது எந்த இடம் சக்கரத்தின் மேல் படுத்திருக்குமோ, வெட்டு சரியாக அங்கேதான். கயிறு தடிமனாக இருந்ததால் பள்ளத்தின் அடிக்குப் போக முடியாமல் இரண்டு விளிம்பில் மட்டும் தொங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அறுபட்டிருக்கிறது.

சக்கரத்தை மாற்றினோம். புதியது உருண்டையான அடிப்பள்ளம், பள்ளத்தின் அடியில் அளந்தால் 75 மி.மீ. விட்டம். கயிற்றைப் போல எட்டு மடங்காவது சக்கரம் இருக்க வேண்டும் என்பது பாலியெஸ்டருக்கு நல்ல அளவுகோல். 8 மி.மீ. கயிற்றுக்கு 64 வேண்டும், 75 தாராளம். 10 மி.மீ. கயிற்றுக்கு 80 வேண்டும், கொஞ்சம் போதாது. இதைவிடப் பெரிய சக்கரம் மரத்து உச்சியின் வெட்டுக்குள் நுழையாது. பள்ளத்தின் அகலமும் 8-க்குச் சௌகரியம், 10-க்கு நெருக்கம். இவ்வளவுக்குப் பிறகு ஹாலியார்ட் 8 மி.மீ. என்பதில் சந்தேகமே இல்லை.

அப்படியானால் இன்னும் மெலிதாகப் போகலாமே என்று கேட்கலாம். 5 மி.மீ. டைனீமா மட்டுமே இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும். ஆனால் சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் ஒரு சந்து எப்போதும் உண்டு. இங்கே அது 2 மி.மீ. பாய் படபடக்கும்போது தளரும் மெல்லிய கயிறு பள்ளத்தை விட்டு எகிறி, தட்டையாகி, அந்தச் சந்துக்குள் இறங்கிக்கொள்ளும். நடுக்கடலில் பாய் ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் நிற்பதைவிட ஆபத்தான நிலை குறைவு. பள்ளத்தை முக்கால்வாசியாவது நிரப்பும் கயிறு அங்கே வேண்டும்.

கிளட்ச்: 8 நழுவுகிறது

உச்சி 8 கேட்கிறது. கிளட்ச் என்ன கேட்கிறது? மேலே 8–12 என்று பொறித்திருந்தது. 8 அதற்குள் வருகிறதே என்று விட்டுவிடக் கூடாது. அந்த எல்லைகள், உள்ளே போகும், பிடிக்கும் என்பதற்கான எல்லைகள். எவ்வளவு பளுவில் பிடிக்கும் என்பது வேறு விஷயம். கிளட்சின் பல் கயிற்றை எதிர்த்தளத்தில் அழுத்திப் பிடிக்கிறது. கயிறு மெலிந்தால் பல் அதிகம் சாய்ந்தால்தான் தொடும், தொட்ட பிறகு அழுத்த மிச்சமுள்ள தூரம் குறைவு.

மரம் கீழே இருக்கும்போதே இதைச் சோதித்துவிட்டோம். கயிற்றின் மறுமுனையைப் படகின் முன்கொண்டியில் கட்டி, கிளட்ச் வழியாக எடுத்து வின்ச்சில் சுற்றி, கைப்பிடி நன்றாகக் கனக்கும் வரை இறுக்கினோம். கிளட்சை மூடி, அதன் வாயை ஒட்டிக் கயிற்றின் மேல் கறுப்பு மையால் ஒரு கோடு போட்டு, வின்ச்சிலிருந்து மெதுவாகத் தளர்த்தினேன். கூட இருந்த தம்பி குனிந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நகருதா?"

"நகருதுண்ணே. நிக்கல, மெதுவா போய்ட்டே இருக்கு."

முழுதும் தளர்த்தி முடிப்பதற்குள் கோடு ஒரு விரலகலம் உள்ளே போய் மறைந்துவிட்டது. அதே இடத்தில் பழைய 10 மி.மீ. கயிற்றின் நல்ல பகுதியைப் போட்டுச் செய்தபோது, பல் கடித்து உட்காரும் அந்தச் சிறு நகர்வோடு கோடு நின்றுவிட்டது.

இப்போது உச்சிக்கு 8, கிளட்சுக்கு 10. இதற்கு மூன்று வழி. கிளட்சின் உள்பாகத்தை மெல்லிய கயிற்றுக்கானதாக மாற்றலாம், ஆனால் எங்கள் கிளட்ச் பழைய மாதிரி, அதற்குத் தனிப் பல் கிடைப்பதில்லை. கிளட்சையே மாற்றலாம், தளத்தில் புதுத் துளை போட வேண்டும். மூன்றாவது, கயிற்றை கிளட்ச் படும் இடத்தில் மட்டும் தடிக்கவைப்பது. வெறும் பாலியெஸ்டர் மேலுறையை ஒரு குழாய் போலக் கயிற்றின் மேல் ஏற்றி, இரு முனையையும் மெலிதாக்கி உள்ளே செருகி, தைத்துவிட்டால் அந்த இடம் 10 மி.மீ. ஆகிவிடும்.

எனக்கு இந்த மூன்றாவது வழிதான் பிடித்தது. ஆனால் செய்வதற்கு முன் ஒரு கணக்குப் போட்டே ஆக வேண்டும்: பாயை இறக்கும்போது இந்தத் தடித்த பகுதி எங்கே போகிறது? பாய் 8.5 மீட்டர் இறங்கினால் கிளட்சில் இருந்த இடமும் 8.5 மீட்டர் முன்னால் போகும். தளத்தில் 3 மீட்டர், மரத்துக்குள் 5.5 மீட்டர் மேலே. உச்சி 10 மீட்டரில் இருப்பதால் தடித்த பகுதி உச்சிக் கப்பியைத் தொடவே தொடாது. ஆனால் தளத்து வழிகாட்டிச் சக்கரம், மரத்தடிக் கப்பி இரண்டையும் தாண்டிப் போகும். அவை இரண்டிலும் 10 மி.மீ. தாராளமாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டோம், ஓடியது.

அடுத்தது நீளம். காற்று அதிகமாகிப் பாயைக் குறைத்துக் கட்டும்போது ஹாலியார்ட் கொஞ்சம் இறங்கியிருக்கும், அப்போது கிளட்சில் இருப்பது இன்னும் வால் பக்கத்துப் பகுதி. எங்கள் இரண்டாவது குறைப்பு 2.5 மீட்டர் இறங்குகிறது. பலமான காற்றில்தான் கிளட்ச் நன்றாகப் பிடிக்க வேண்டும், அந்த நேரத்தில் அங்கே மெலிந்த கயிறு இருந்தால் இந்த வேலைக்கே அர்த்தமில்லை. அதனால் முழு ஏற்றத்திலிருந்து இரண்டாவது குறைப்பு வரைக்கும் சேர்த்து 3 மீட்டருக்கு மேலுறை போட்டேன்.

டைனீமாவில் மேலுறை இன்னொரு வேலையும் செய்கிறது. டைனீமா 150 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே உருகிவிடும். பாலியெஸ்டர் 250-க்கு மேல் தாங்கும். பளுவோடு இருக்கும் கிளட்சை வின்ச்சில் தாங்காமல் படாரென்று திறந்தால் ஓடும் கயிற்றில் எழும் சூடு சாதாரணமானதல்ல. அதோடு வெறும் டைனீமா வின்ச் உருளையில் வழுக்கும், எத்தனை சுற்றுப் போட்டாலும் மனது நிற்காது.

பாய்ப்பக்க முனையில் முடிச்சுப் போடாமல் கண்ணி பின்னினேன். டைனீமா வழுவழுப்பானது, முடிச்சு நழுவும், பாலியெஸ்டரைவிட முடிச்சில் அதிகம் வலிமை இழக்கும். பின்னிய கண்ணியோ கிட்டத்தட்ட முழு வலிமையையும் காப்பாற்றும். உள்கயிறு 5 மி.மீ., அதைப் போல 72 மடங்கு, அதாவது 36 செ.மீ. தன்னுக்குள்ளேயே புதைத்து, நழுவாமல் இருக்கத் தையல் போட்டு, மேலுறையை ஷேக்கிள் (பாயில் மாட்டும் உலோக வளையம்) வரைக்கும் இழுத்துக் கட்டினேன். இதில் தடிமன் சம்பந்தமான ஒரு நுணுக்கம்: புதைத்த இடத்தில் கயிறு ஒன்றரை மடங்கு பருக்கும். பாய் முழுக்க ஏறியதும் அந்தப் பருத்த பகுதி உச்சிச் சக்கரத்துக்குக் கீழேயே நிற்கிறதா, சக்கரத்துக்குள் நுழைகிறதா என்று அளந்து பார்த்துவிடுங்கள். எங்கள் பாயின் தலைக்கும் சக்கரத்துக்கும் இடையில் அரை மீட்டர் இடம் இருந்தது, நுழையவில்லை. இடம் இல்லாத படகில் புதைப்பின் வாலை நீளமாகக் கூராக்கி விட வேண்டும்.

ஜெனோவா ஷீட்: இங்கே கைதான் எஜமான்

கணக்குப்படி 8 போதும். கை ஒத்துக்கொள்ளவில்லை. 8 மி.மீ. கயிற்றை ஈரக் கையால் 20, 30 கிலோவுக்கு இழுத்துப் பாருங்கள், விரல் மடிப்பில் வெட்டுகிற மாதிரி இருக்கும். 10 மி.மீ. உள்ளங்கையில் நிறைந்து உட்காரும். 12 இன்னும் சுகம், ஆனால் அதற்கு விலை உண்டு. 10 மி.மீ. பாலியெஸ்டர் மீட்டருக்கு 75, 80 கிராம். 12 மி.மீ. 110 பக்கம். நனைந்தால் இன்னும் கனக்கும். மெல்லிய காற்றில், 5 நாட் ஆறு நாட்டில், பாயின் பின்மூலை கயிற்றின் எடையாலேயே கீழே தொங்கிப் பாயின் வடிவம் கெட்டுவிடும். பலத்த காற்றுக்கு என்று போட்ட தடிமன் மெல்லிய காற்றில் படகை நிறுத்திவைக்கும்.

வின்ச்சின் தானியங்கித் தாடை 8 முதல் 12 வரை பிடிக்கும் வகை. இதிலும் நடு அளவே நன்றாகக் கடிக்கிறது. 10-ல் மூன்று சுற்றுப் போட்டுத் தாடையில் கொடுத்தால் அசையாமல் நிற்கிறது.

ஆக 10 மி.மீ. பாலியெஸ்டர், மேலுறை கொஞ்சம் பஞ்சுத்தன்மை உள்ள ரகம். வழவழப்பான மேலுறை பார்க்க அழகு, ஈரக் கையில் வழுக்கும். டைனீமா உள்கயிறு இங்கே தேவையில்லை என்பது என் கருத்து. ஷீட் இழுவையில் நிற்கும் நீளம் நாலைந்து மீட்டர்தான், அது நீள்வதால் பாயின் வடிவம் பெரிதாகக் கெடாது, கெட்டால் வின்ச்சில் ஒரு அரைச் சுற்று. பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு வேறு நியாயம் இருக்கலாம். நீளம் ஒவ்வொன்றும் படகைப் போல ஒன்றரை மடங்கு, 12 மீட்டர்.

பாயோடு இணைக்க ஷேக்கிள் வேண்டவே வேண்டாம். படபடக்கும் பாயின் மூலையில் ஒரு இரும்புத் துண்டு தலையுயரத்தில் சுழல்வதை நினைத்தாலே போதும். பௌலைன்தான். தடிமன் கூடினால் முடிச்சும் பெருத்து, பாய் பக்கம் மாறும்போது ஒவ்வொரு முறையும் மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகளில் போய் மாட்டும். 12 வேண்டாம் என்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

மெயின் ஷீட்

பெரிய பாயின் அடியில் கிடையாக நிற்கும் பூமின் பின்முனையில் ஷீட் பிடித்திருந்தால் 20 நாட் காற்றில் எங்கள் பெரிய பாய்க்கு 200 கிலோ வருகிறது. அதே ஷீட்டை பூமின் நடுவில் பிடித்திருந்தால் நெம்புகோல் பாதியாகிவிடும், இழுவை இரட்டிக்கும். எங்களுடையது பின்முனையில், நான்கு மடிப்புக் கப்பியோடு. நாலாக வகுத்தால் கயிற்றில் 50 கிலோ. 6 மி.மீ. கயிறே இதைச் சிரிப்போடு தாங்கும். ஆனால் நாள் முழுக்கக் கையில் இருக்கும் கயிறு இதுதான், அதனால் யாரும் 6 போடுவதில்லை.

இருந்தது 12. பழைய கயிற்றை எடுத்துப் பார்த்தபோது இரு பக்கவாட்டிலும் மட்டும் சாம்பல் கறை, நீளமாக, கப்பியின் பக்கத் தகட்டில் உரசிய அடையாளம். கப்பியில் "அதிகபட்சம் 12" என்றுதான் இருந்தது. அதிகபட்சம் என்றால் நுழையும் என்று பொருள், சுலபமாக ஓடும் என்று பொருளில்லை. நான்கு மடிப்பில் ஒவ்வொரு சக்கரத்திலும் கொஞ்சம் உராய்வு சேர்ந்தால், மெல்லிய காற்றில் ஷீட்டைத் தளர்த்தினாலும் பூம் வெளியே போகாது. கையால் தள்ளிவிட வேண்டியிருக்கும். கப்பியில் எழுதியிருக்கும் அதிகபட்சத்துக்கு ஒரு அளவு கீழே போடுவது என் வழக்கம்.

10 மி.மீ. வாங்கினேன், அதுவும் தளர்வான பின்னல் உள்ள, சுருட்டினால் துணி மாதிரி மடியும் கயிறு. ஒரே 10 மி.மீ.யில் இறுக்கமான பின்னலும் உண்டு, அது சிறிய சக்கரத்தில் வளைய மறுக்கும். கடையில் கயிற்றை விரலில் வளைத்துப் பார்த்து, மடித்த இடத்தில் எவ்வளவு சின்ன வளையம் விழுகிறது என்று ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். தடிமனை மட்டும் சொல்லிக் கயிறு தருவித்தால் இது தெரியாமல் போய்விடும்.

சுருட்டுக் கயிறு

முன்பாயைச் சுருட்டும் உருளையில் தடிமன் பிரச்சினை நேர்மாறாக வருகிறது. பாய் முழுதும் விரிந்திருக்கும்போது உருளை கயிற்றால் நிறைந்திருக்கும். 8 மி.மீ. போட்டால் கடைசிச் சுற்றுகள் உருளையின் விளிம்புக்கு மேல் ஏறி, ஒன்றன் மேல் ஒன்று விழுந்து, காற்று எழும்பும் நேரத்தில் பாய் சுருளாமல் சிக்கிக்கொள்ளும். 6 போட்டால் உருளைக்குச் சரி, ஆனால் 25 நாட் காற்றில் அதைக் கையால் இழுப்பது தண்டனை.

இதற்கு நல்ல தீர்வு, 8 மி.மீ. இரட்டைப் பின்னலில் உருளைக்குள் போகும் நீளத்துக்கு மட்டும் உள்கயிற்றை உருவி எடுத்துவிடுவது. மேலுறை தட்டையான நாடாபோல ஆகி உருளையில் படிந்து உட்காரும். காக்பிட் பக்கம் முழு 8 மி.மீ. கைக்குக் கிடைக்கும். உள்கயிறு முடியும் இடத்தைக் கூராக வெட்டி, மேலுறையோடு சேர்த்துத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நகர்ந்துவிடும். மேலுறை மட்டும் தாங்குவது முழுக்கயிற்றின் ஏறத்தாழ பாதி என்பதை மறக்கக் கூடாது. எங்கள் அளவுக்கு அது போதும். இன்னும் பெரிய படகில், பாயைப் பாதி சுருட்டி வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் இருந்தால், அந்தப் பாதியில் உருளையிலிருந்து எவ்வளவு வெறும் மேலுறை வெளியே வந்து பளு தாங்குகிறது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

மற்றவை

பாயைக் குறைத்துக் கட்டும் கயிறுகள் 8 மி.மீ. பாலியெஸ்டர், இறுக்கமான வழவழப்புப் பின்னல். பூமுக்குள் பல திருப்பங்கள் வழியாக ஓடுவதால் இங்கே உராய்வுதான் எதிரி. அடிவிளிம்பை இழுக்கும் கயிறு 6 மி.மீ. டைனீமா உள்கயிறு, பூமைத் தாங்கும் கயிறு 6 மி.மீ. சாதாரணப் பாலியெஸ்டர், கொடிக் கயிறு 4. இவற்றுக்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. நைலான் ஒன்றுகூட இல்லை, அது நீளுவதற்கென்றே பிறந்தது, நங்கூரத்துக்கும் கரையில் கட்டவும்தான் அதன் இடம்.

திருப்பும் கப்பிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கயிறு முழுதாகத் திரும்பி வரும் இடத்தில் கப்பியின் ஆணி கயிற்றின் இழுவையைப் போல இரண்டு மடங்கு தாங்குகிறது. செங்கோணத்தில் திரும்பினால் 1.4 மடங்கு. கயிற்றைப் பலமானதாக மாற்றிவிட்டு, வின்ச்சில் முன்பைவிட அதிகமாக இறுக்க ஆரம்பித்தால், அடுத்து விட்டுக்கொடுக்கப் போவது மரத்தடிக் கப்பி. நீளாத கயிறு போட்ட பிறகு திடீர்க் காற்றின் மோதலும் குறையாமல் நேராக அதற்குத்தான் போகும். அந்தக் கப்பிகளின் வேலைப் பளுவைச் சரிபார்த்து, இரண்டை மாற்றினோம்.

மரத்தை நிமிர்த்தி, 18 நாட் வரைக்கும் போன காற்றில் ஓட்டிய பிறகு கிளட்சுகளைத் திறந்து பார்த்தேன். மேலுறை போட்ட 3 மீட்டரில் பல் படிந்த தடம் மட்டும், நூல் அறுபடவில்லை, மைக்கோடு போட்ட இடத்திலேயே நின்றிருந்தது. முன்பாய் ஹாலியார்ட் பருவம் முழுக்க ஏற்றியபடியே நிற்கும், அதனால் அதன் வாலைக் கிளட்சோடு விடாமல் கயிறு கட்டும் கொம்பான கிளீட்டிலும் ஒரு சுற்றுப் போட்டுக் கட்டியிருக்கிறேன். பெரிய பாய் ஹாலியார்டை அரை மீட்டர் நீளமாகவே வெட்டி வைத்தேன். உச்சிச் சக்கரத்தின் மேல் படுக்கும் இடம் தேயத் தொடங்கியதும் முனையில் 30 செ.மீ. வெட்டிவிட்டுப் புதுக் கண்ணி பின்னினால் தேய்மானம் வேறு இடத்துக்கு நகரும். அப்படி நகர்த்தும்போது மேலுறை போட்ட பகுதியும் கிளட்சிலிருந்து அதே 30 செ.மீ. முன்னால் தள்ளிப்போகும் என்பதால், வால் பக்கத்தில் மேலுறையையும் அந்த அளவுக்குக் கூடுதலாகவே விட்டிருக்கிறேன்.